பிரான்சில் ஒரு வாரம் நடக்க எந்தப் பாதை?

பிரான்சில் நடைபாதைக்குப் பஞ்சமே இல்லை. ஜி.ஆர். என்று சுருக்கமாக அழைக்கப்படும் நெடுந்தூரப் பாதைகள் நாடு முழுக்கப் பின்னிக் கிடக்கின்றன. முதல் பாதைக்கு 1947-இல் லுவார் நதிப் பக்கம் அடையாளம் போட்டார்கள். அன்றிலிருந்து வெள்ளை மேலே, சிவப்பு கீழே என்று இரண்டு சின்னக் கோடுகள்தான் வழிகாட்டி. மரத்தில் இருக்கும், பாறையில் இருக்கும், யாரோ ஒருவர் வீட்டுச் சுவரின் மூலையிலும் இருக்கும். அந்தக் கோடுகள் பெருக்கல் குறியாகத் தெரிந்தால் வழி தவறிவிட்டது என்று பொருள், திரும்பி வர வேண்டியதுதான். பிரெஞ்சு ஒரு சொல் தெரியாதவரும் அரை மணி நேரத்தில் இதற்குப் பழகிவிடலாம்.

அதனால் போகிறவர் மண்டையைக் குடைவது ஒரே கேள்விதான்: இத்தனையில் எது? பழைய ஊர்கள் வேண்டும், கோட்டைகள் வேண்டும், கையில் இருப்பது ஒரு வாரம். இந்த மூன்றையும் வைத்துத் தேடினால் நான்கு பகுதிகள் மறுபடி மறுபடி கண்ணில் படும். தென்மேற்கில் தோர்தோன் நதிப் பள்ளத்தாக்கு, கிழக்கில் அல்சாஸ், தெற்கில் பிரெனே மலையடிவாரத்தில், கதார்கள் என்ற பழைய கிறிஸ்தவப் பிரிவினரின் பெயரால் அழைக்கப்படும் கோட்டைகள், நடு-தெற்கு மேட்டுநிலத்தில் ஒப்ராக்கிலிருந்து லோத் நதி வழியாகக் கோங்க் என்ற ஊர் வரை போகும் பழைய யாத்திரைப் பாதை.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் முறை போகிறவருக்கு நான்காவது பாதைதான். மற்ற மூன்றும் அழகில் குறைந்தவை அல்ல. கோட்டைகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் நான்காவது தோற்றுவிடும் என்பதும் உண்மை. ஆனாலும் அதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

லுவாரை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். ஷம்போர், ஷெனொன்சோ, அம்புவாஸ் என்று புகழ்பெற்ற மாளிகைகள் எல்லாம் அங்கேதான். ஷம்போரைக் கட்டத் தொடங்கிய 1519-ஆம் ஆண்டில்தான் லியொனார்தோ தா வின்சி அம்புவாஸில் இறந்தார். கலை வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது பொக்கிஷம். ஆனால் நிலம் தட்டை, ஒரு மாளிகைக்கும் அடுத்ததற்கும் இடையே தூரம் அதிகம், நதிக்கரை மேட்டில் மணிக்கணக்காக ஒரே காட்சி. லுவார் கரையோரம் நீண்ட சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். அங்கே சைக்கிளில் போங்கள், நடைக்கு வேறு இடம் பார்க்கலாம்.

சரி, தோர்தோன். பெரிகோர் என்ற பழைய பெயரில் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் உருகிப் பேசும் மண் இது. நதி வளைந்து வளைந்து ஓடுகிறது. ஒரு கரையில் செங்குத்துப் பாறை மேல் பெய்னாக் கோட்டை, நதியிலிருந்து சுமார் 150 மீட்டர் உயரம். எதிர்க்கரையில் சற்றுத் தள்ளி காஸ்தெல்நோ கோட்டை. 1337 முதல் 1453 வரை நடந்த நூறாண்டுப் போரின்போது பெய்னாக் பிரெஞ்சு அரசர் பக்கம், காஸ்தெல்நோ பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம். ஒருவர் அடுப்புப் புகையை இன்னொருவர் பார்த்துக்கொண்டே தலைமுறை தலைமுறையாகப் பகை வளர்த்திருக்கிறார்கள். பெய்னாக் மதிலில் நின்று எதிரே பார்த்தால் இது சட்டென்று புரிந்துவிடும். காஸ்தெல்நோவில் இப்போது இடைக்காலப் போர்க்கருவிகளின் அருங்காட்சியகம் இருக்கிறது. கல்லெறியும் பெரும் பொறிகளை முற்றத்தில் முழு அளவில் நிறுத்தியிருக்கிறார்கள். குழந்தைகளோடு போனால் அரை நாள் அங்கேயே போய்விடும்.

நதியை ஒட்டி இன்னும் கொஞ்சம் மேலே நடந்தால் லா ரோக்-கஜாக். பாறைச் சுவரோடு ஒட்டிக்கொண்ட ஒற்றை வரிசை ஊர், கீழே நதி. 1957-இல் அந்தப் பாறையின் ஒரு பகுதி சரிந்து வீடுகள் மேல் விழுந்தது, உயிர்கள் போயின. அப்புறம் மேட்டின் உச்சியில் தோம் என்ற ஊர். மூன்றாம் பிலிப் அரசர் 1281-இல் திட்டம் போட்டுக் கட்டிய மதில் நகரம். அங்கிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் விரித்த பாய் போலத் தெரியும். பெய்னாக்கிலிருந்து தோம் வரை எல்லாம் ஒரு நாள் நடைக்குள் அடங்கிவிடும். இத்தனை நெருக்கமாக இத்தனை கோட்டைகளும் ஊர்களும் வேறெங்கும் கிடைக்காது. தளமாக சார்லா நகரில் தங்கலாம். பழைய நகர்ப் பகுதிகளைப் பாதுகாக்க 1962-இல் அமைச்சர் ஆந்த்ரே மல்ரோ கொண்டுவந்த சட்டத்தால் முதலில் பயன்பெற்ற ஊர்களில் அதுவும் ஒன்று. தேன் நிறக் கல் வீடுகள் இன்று அப்படியே நிற்பது அதனால்தான். போர்தோவிலிருந்து சார்லாவுக்கு ரயில் இருக்கிறது. லாஸ்கோ குகை ஓவியங்களும் அதிக தூரமில்லை. 1940-இல் கண்டுபிடித்த மூலக் குகையை 1963-இல் மூடிவிட்டார்கள். 2016 முடிவில் திறந்த முழு நகல்தான் இப்போது பார்க்கக் கிடைப்பது.

பிறகு ஏன் இதை முதலில் வைக்கவில்லை? இரண்டு காரணம். ஒன்று, கார். பள்ளத்தாக்கு குறுகல், நதியும் சாலையும் பாறையும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு போகின்றன. கோடையில் அந்தச் சாலையில் வண்டி நகராது. பெய்னாக் ஊரைச் சுற்றிப் புறவழிச்சாலை போட முயன்று, நதிக்குள் தூண்கள் எழுந்த பிறகு வழக்கு நீதிமன்றம் போய், கட்டியதை இடிக்கச் சொல்லி 2019-இல் தீர்ப்பு வந்தது. அவ்வளவு நெருக்கடி, அவ்வளவு பிடிவாதம். நடைபாதை மேட்டுக் காட்டுக்குள் ஒதுங்கிப் போனாலும், ஊருக்குள் இறங்கும்போதெல்லாம் பேருந்துக் கூட்டத்தோடு கலக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, இங்கே நடப்பவர் பல பயணிகளில் ஒருவர், அவ்வளவுதான். கோட்டைக்குக் காரில் வந்தவர், படகில் வந்தவர், நடந்து வந்தவர் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று சீட்டு வாங்குகிறோம். நடந்ததற்கென்று இடம் தனியாக எதையும் திருப்பித் தருவதில்லை. மே மாதத்திலோ அக்டோபர் தொடக்கத்திலோ போய், மூன்று நாள் நடந்து, ஒரு நாள் சின்னப் படகில் துடுப்புப் போட்டால் இந்த இடம் மனதை அள்ளிக்கொள்ளும். வாரம் முழுக்க நடப்பதற்கு நான் சொல்ல மாட்டேன்.

அல்சாஸ் வேறு ரகம். வோஜ் மலையின் கிழக்குச் சரிவு, கீழே திராட்சைத் தோட்டம், மேலே காடு, காட்டின் விளிம்பில் பாழடைந்த கோட்டைகள். ஊர்கள் மரச்சட்டம் வைத்துக் கட்டியவை, ஜன்னலுக்கு ஜன்னல் பூத்தொட்டி. இங்கே பாதைகளைக் காப்பது 1872-இல் தொடங்கிய வோஜ் மன்றம். அவர்களுக்குத் தனி அடையாள முறை உண்டு. ஜி.ஆர்.5 கூட இங்கே வெள்ளை-சிவப்பை விட்டுவிட்டுச் சிவப்புச் செவ்வகமாக மாறிவிடும். இது தெரியாமல் போனால் முதல் நாள் குழப்பம்தான்.

செலெஸ்தா நகரில் ரயிலிலிருந்து இறங்கி, ஓ-கோனிக்ஸ்பூர் கோட்டைக்கு ஏறி, ரிபோவில்லே, ஹுனாவீர், ரிக்வீர், கைசெர்ஸ்பெர்க் வழியாகத் தூர்க்ஹைமில் மறுபடி ரயில் ஏறலாம். நான்கைந்து நாள், அவசரமே இல்லாத நடை. ரிக்வீர் போன்ற ஊர்களுக்கிடையே தூரம் மிகக் குறைவு, திராட்சைக் கொடிகளுக்கு நடுவே பேசிக்கொண்டே போய்விடலாம். பாரிஸிலிருந்து ஸ்ட்ராஸ்பூருக்கு அதிவேக ரயிலில் 2 மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்பதால் நான்கில் போக்குவரத்துக்கு மிக எளிதானதும் இதுதான். அறுபது தாண்டிய அப்பா அம்மாவோடு போகிறீர்கள், முழங்கால் கொஞ்சம் தகராறு செய்யும் என்றால் யோசிக்கவே வேண்டாம், அல்சாஸ்தான். சோர்ந்தவர்கள் கீழே ஊரில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் மட்டும் கோட்டைக்கு ஏறிவிட்டு வரலாம்.

அல்சாஸில் கோட்டை பார்க்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்தால் நல்லது. ஓ-கோனிக்ஸ்பூர் 1633-இல் முப்பதாண்டுப் போரில் சுவீடன் படையால் அழிந்து, 250 ஆண்டுகளுக்கு மேல் பாழாகக் கிடந்தது. 1871-இல் அல்சாஸ் ஜெர்மனி வசம் போன பிறகு, பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1900 முதல் 1908 வரை அதை மறுபடி எழுப்பினார். இன்று நாம் பார்க்கும் கூரையும் கோபுரமும் அந்தப் பேரரசர் மனதில் இருந்த இடைக்காலம். அதற்கு மறுநாள் ரிபோவில்லேக்கு மேலே சேன்-உல்ரிக் கோட்டைக்கு ஏறுங்கள். கூரையில்லாத மண்டபம், கல் வளைவு ஜன்னல்கள், அவற்றின் வழியே கீழே சமவெளி. யாரும் தொடாமல் விட்ட பாழுக்கும் அரசியலுக்காகப் புதுப்பித்த கோட்டைக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு நாளில் காலால் நடந்து தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. சேன்-உல்ரிக் கோட்டைப் பிரபுக்கள் ஊர் ஊராகத் திரிந்த இசைக்காரர்களுக்குக் காவலர்களாக இருந்தவர்கள். அதன் நினைவாக ரிபோவில்லேயில் செப்டம்பர் முதல் ஞாயிறு இன்றும் இசைக்காரர் திருவிழா நடக்கிறது.

இந்த ஊர்கள் பொம்மை வீடு போல இருக்கின்றன என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அது ஏற்பில்லை. ரிக்வீருக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பென்வீர், மித்தெல்வீர், சிகோல்ஸ்ஹைம் ஆகிய ஊர்கள் 1944 கடைசியிலும் 1945 தொடக்கத்திலும் நடந்த சண்டையில் ஏறக்குறைய தரைமட்டமாயின. அவற்றின் வழியே நடந்தால் வீடுகள் எல்லாம் போருக்குப் பின் கட்டியவை என்பது தெரியும். அதைப் பார்த்துவிட்டு ரிக்வீருக்குள் நுழைந்தால், தப்பிப் பிழைத்த ஒவ்வொரு மரச்சட்டத்தின் மேலும் மரியாதை வரும். குறை என்றால் கூட்டம்தான், அதுவும் பகல் 11 முதல் 5 வரை. செப்டம்பர், அக்டோபரில் திராட்சை அறுவடை நடக்கும்போது தோட்டத்து ஊடுவழிகளைப் பல இடங்களில் மூடிவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கோட்டைதான் வேண்டும், வேறெதுவும் பொருட்டில்லை என்பவருக்குக் கதார் பாதை. மத்தியதரைக் கடலோரம் போர்-லா-நூவேலில் தொடங்கி மலையடிவாரத்தில் ஃபுவா நகரில் முடியும், சுமார் 250 கி.மீ., வழக்கமாக 12 நாள் நடை. இப்போது ஜி.ஆர்.367 என்ற எண். ஒரு வாரம் என்றால் இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். கிழக்குப் பாதியில் அகிலார், கேரிபூஸ், பெய்ர்பெர்தூஸ், புய்லோரான்ஸ். மேற்குப் பாதியில் புய்வேர், மோன்சேகூர், ரோக்ஃபிக்ஸாத், ஃபுவா.

பெய்ர்பெர்தூஸ் பற்றி எழுதாமல் நகர முடியவில்லை. 800 மீட்டர் உயரத்தில் ஒரு சுண்ணாம்புப் பாறை முதுகு, அதன் மேல் சுமார் 300 மீட்டர் நீளத்துக்குக் கோட்டை. கீழே துய்யாக் கிராமத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் எங்கே பாறை முடிகிறது, எங்கே சுவர் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. உச்சிக்குப் போகும் படிக்கட்டைப் பாறையிலேயே வெட்டியிருக்கிறார்கள், ஒன்பதாம் லூயி அரசரின் கட்டளையால். மேலே நின்றால் அடுத்த முகட்டில் கேரிபூஸ் ஒரு விரல் நீட்டியது போல நிற்கும். இரண்டுக்கும் நடுவே கூக்குன்யான் என்ற சின்ன ஊரும் அதன் காற்றாலையும். துய்யாக்கிலிருந்து ஏறி வியர்த்து உச்சியில் நின்ற அந்தக் காலை வேளை, பிரான்சில் நான் நடந்த காலைகளிலேயே மிகப் பெரியது.

இந்தப் பாதையின் வரலாறு மனதைக் கனக்க வைக்கும். கதார்கள் கிறிஸ்தவத்தின் வேறொரு வழியைப் பின்பற்றியவர்கள், ரோமத் திருச்சபையை ஏற்காதவர்கள். அவர்கள் மீது போப் மூன்றாம் இன்னசென்ட் அறிவித்த சிலுவைப்போர் 1209-இல் பெசியே நகரப் படுகொலையோடு தொடங்கியது. மோன்சேகூர் கோட்டை பல மாத முற்றுகைக்குப் பின் 1244 மார்ச்சில் பணிந்தது. நம்பிக்கையை விட மறுத்த 200-க்கும் மேற்பட்டோரை மலையடியில் ஒரே தீயில் எரித்தார்கள். அந்த இடத்தில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது, ஏறும் முன் கடந்துதான் போக வேண்டும். கேரிபூஸ் 1255-இல் கடைசியாகப் பணிந்தது. ஆனால் இன்று நிற்கும் சுவர்கள் பெரும்பாலும் கதார்கள் கட்டியவை அல்ல. தோற்றவர்களின் மலைகளைக் கைப்பற்றிய பிரெஞ்சு அரசு, தெற்கே இருந்த அரகோன் அரசின் எல்லையைக் காக்க அவற்றின் மேல் பெரிதாகக் கட்டியது. 1659-இல் எல்லை தெற்கே தள்ளிப்போனதும் காவலுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது, கோட்டைகளும் பாழாயின. விளம்பரப் பலகைகள் "கதார் கோட்டை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். நடக்கிறவர் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு ஏறுவது, இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

நடைமுறை என்று வந்தால் இது கடினமான பாதை. சில நாள் 20 கி.மீ.க்கு மேல், கூடவே 800, 1,000 மீட்டர் ஏற்றம். ஊர்கள் சிறியவை, சிலவற்றில் ஒரே ஒரு தங்குமிடம், அது நிறைந்துவிட்டால் அடுத்தது அரை நாள் தூரம். கடைகள் அபூர்வம். வடமேற்குக் காற்று வீசத் தொடங்கினால் முகட்டில் நிற்கவே முடியாது. பலத்த காற்றிலும் இடியிலும் கோட்டைகளை மூடிவிடுவார்கள். கோடையில் தீ அபாயம் வேறு. 2025 ஆகஸ்டில் கொர்பியேர் மலைப்பகுதியில் மிகப் பெரிய காட்டுத்தீ மூண்டது. ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். மே அல்லது செப்டம்பர் கடைசி. இதற்கு முன் எங்கேயாவது தொடர்ந்து ஐந்து நாள் பை சுமந்து நடந்த அனுபவம் இருந்தால் போங்கள். இல்லையென்றால் இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கோங்க் பாதை. லெ புய் நகரத்து ஆயர் கொதெஸ்கால் 950-951-இல் ஸ்பெயினில் உள்ள சந்தியாகோ ஆலயத்துக்கு யாத்திரை போனார். பிரான்சிலிருந்து அங்கே போனவர்களில் பெயர் தெரிந்த ஆகப் பழைய யாத்திரிகர்களில் அவரும் ஒருவர். அவர் கிளம்பிய ஊரிலிருந்து போகும் வழிதான் இன்று ஜி.ஆர்.65. லெ புய்யிலிருந்து கோங்க் வரை 200 கி.மீ., பத்து நாள் வேண்டும். ஒரு வாரம்தான் என்றால் ஓமோன்-ஒப்ராக்கில் தொடங்குங்கள். அங்கே ரயில் நிலையம் இருக்கிறது, நாளுக்கு மிகக் குறைந்த வண்டிகள்தான், நேரம் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து கோங்க் சுமார் 115 கி.மீ., ஆறு நாள்.

முதல் இரண்டு நாள் ஒப்ராக் மேட்டுநிலம். மரமே இல்லாத புல்வெளி, கருங்கல் அடுக்கிய வேலிகள், எப்போதோ சீஸ் செய்த கல் குடிசைகள். பழுப்பு நிற மாடுகள் கண்ணுக்கு மை தீட்டியது போல நிற்கும். உண்மையிலேயே அந்த இனத்துக்குக் கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் உண்டு. மே மாதக் கடைசியில் அவற்றை அலங்கரித்து, மணி கட்டி, கீழிருந்து மேய்ச்சலுக்கு ஓட்டி வருவார்கள், அது பெரிய விழா. ஒப்ராக் ஊரில் 12-ஆம் நூற்றாண்டில் யாத்திரிகர்களுக்காக ஒரு மடம் எழுந்தது. பனியிலும் கள்வரிடமும் சிக்கித் தப்பிய அதலார் என்ற பிளாண்டர்ஸ் பிரபு கட்டினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். மூடுபனி இறங்கும்போது வழி தவறியவர்களுக்காக அங்கே மணி அடித்துக்கொண்டே இருப்பார்களாம். மூடுபனி இன்றும் அப்படித்தான் இறங்குகிறது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாமல் அந்தப் புல்வெளியில் கோடு தேடி நடந்தால், மணி எதற்கு என்பது யாரும் சொல்லாமலே விளங்கும்.

மேட்டிலிருந்து சேன்-ஷெலிக்கு இறக்கம். ஊர் எல்லையில் பழைய பாலம், அதன் மேல் கல் சிலுவை, சிலுவையின் அடியில் கோலூன்றிய ஒரு யாத்திரிகரின் உருவம். அடுத்த நாள் சேன்-கோம், தீச்சுடர் போல முறுக்கிய கோபுரம் உள்ள ஊர். அங்கே லோத் நதி வந்து சேர்ந்துகொள்ளும். எஸ்பாலியோனில் சிவப்புக் கல் பாலமும் தோல் பதனிட்டவர்களின் பழைய வீடுகளும் நதியில் நிழல் விழ நிற்கும். மேலே குன்றில் கல்மோன் கோட்டை. அப்புறம் எஸ்தேன். நதி வளைவில் பாலம், பாலத்தின் நேர் எதிரே ஊர், ஊரின் தலையில் கோட்டை. முன்னாள் குடியரசுத் தலைவர் வலேரி ஜிஸ்கார் தெஸ்தேன் 2005-இல் குடும்பத்தாரோடு சேர்ந்து வாங்கிய கோட்டை அது.

இந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இந்த வரிசையிலேயே இருக்கிறது. மற்ற மூன்று இடங்களிலும் கோட்டையும் ஊரும் முதலில் வந்தன. அவற்றைக் கோத்து ஒரு நடைபாதையை நம் காலத்தில் போட்டார்கள். இங்கே பாதைதான் மூத்தது. பாலங்கள், மருத்துவ மடங்கள், தேவாலயங்கள், கடைத்தெரு எல்லாம் நடந்து வந்தவர்களுக்காக எழுந்தவை. நஸ்பினாலிலிருந்து சேன்-ஷெலி வரையும், சேன்-கோமிலிருந்து எஸ்தேன் வரையும் உள்ள வழித்துண்டுகளையே யுனெஸ்கோ 1998-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கட்டடத்தைச் சேர்ப்பது வழக்கம், நடக்கும் மண்ணையே சேர்த்தது இங்கே. பை சுமந்து ஒருவர் ஊருக்குள் வந்தால் கடைக்காரர் முதலில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார். கார் நிறுத்துமிடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சாயங்காலம் தங்குமிடத்தில் ஒரே நீள மேசை, எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, காலில் கொப்புளம் வந்தவருக்குப் பக்கத்தில் இருப்பவர் ஊசியும் நூலும் எடுத்துத் தருகிறார். பாதயாத்திரை போன வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் உடனே பிடிபடும்.

கடைசி நாள் கோங்க். காட்டுக்குள் செங்குத்தான இறக்கம், கல் பாவிய வழி, மழையில் வழுக்கும், கவனம். திடீரென்று கூரைகள், அவற்றின் நடுவே மூன்று கோபுரம். 9-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து ஒரு துறவி ஆஜான் நகரத்து மடத்தில் போய்ச் சேர்ந்து, காத்திருந்து, ஃபுவா என்ற இளம் புனிதையின் எலும்புகளை எடுத்துக்கொண்டு வந்தார் என்பது இந்த ஊரே சொல்லும் வரலாறு. யாத்திரைப் பாதை இந்தப் பள்ளத்தாக்கை நோக்கித் திரும்பியது அதனால்தான். வாசலுக்கு மேலே 12-ஆம் நூற்றாண்டின் இறுதித் தீர்ப்புச் சிற்பம், 124 உருவங்கள், சில இடங்களில் பழைய வண்ணம்கூட ஒட்டியிருக்கிறது. உள்ளே பக்கத்து ரோதேஸில் பிறந்த ஓவியர் பியேர் சுலாஜ் வடிவமைத்த ஜன்னல்கள், 1994-இல் வைத்தவை. வண்ணமே இல்லை, கண்ணாடியே வெளிச்சத்தை வடிகட்டுகிறது. நேரத்துக்கு ஏற்ப நிறம் மாறும் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்க, ஒரு பகலும் ஓர் இரவும் அங்கே தங்குங்கள். இரவு வழிபாட்டுக்குப் பின் மடத்துத் துறவி வெளியே வந்து அந்தச் சிற்பத்தை விளக்குவார், அப்புறம் உள்ளே ஆர்கன் இசை.

குறையும் சொல்ல வேண்டும். கோட்டைகள் குறைவு, பெயர் சொல்லும்படி எஸ்தேனும் கல்மோனும்தான். மேட்டுநிலத்தில் ஏப்ரலில்கூடப் பனி பெய்யலாம். மே மாதத்தில் பொது விடுமுறைகள் அடுத்தடுத்து வருவதால் படுக்கை கிடைப்பது கடினம். கூட்டறையில் தூங்கிப் பழக்கமில்லாதவர்கள் தனியறை இருக்கும் இடங்களை முன்பே பதிவு செய்ய வேண்டும். இரவுச் சாப்பாடு, படுக்கை, காலை உணவு சேர்த்து பெரும்பாலும் 40 முதல் 60 யூரோவுக்குள் அடங்கும். சில இடங்களில் அட்டை எடுக்க மாட்டார்கள், கையில் ரொக்கம் இருக்கட்டும். பையைத் தூக்க முடியாவிட்டால் ஒவ்வொரு நாளும் அடுத்த தங்குமிடத்துக்கு வண்டியில் கொண்டு சேர்க்கும் சேவை இருக்கிறது. இந்த வசதி மற்ற மூன்றையும்விட இங்கே ஒழுங்காக நடக்கிறது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நான்கு இடத்திலும் சிரமம் உண்டு, அளவுதான் வேறு. தோர்தோனில் உருளைக்கிழங்கைக்கூட வாத்துக் கொழுப்பில்தான் வறுப்பார்கள். தெற்கே பீன்ஸும் இறைச்சியும் சேர்த்து வேகவைத்த கஸ்ஸூலே. அல்சாஸில் மெல்லிய ரொட்டி மேல் பன்றி இறைச்சித் துண்டு தூவுவது வழக்கம், வேண்டாம் என்று சொன்னால் காளான் போட்டுத் தருகிறார்கள். ஒப்ராக்கின் அலிகோ, மசித்த உருளைக்கிழங்கில் இளஞ்சீஸைப் போட்டுக் கயிறு போல இழுபடும்வரை கிண்டியது, வயிறு நிறைந்துவிடும். சீஸ் உறைய வைக்கக் கன்றின் வயிற்று நொதியைப் பயன்படுத்துவது அந்த நாட்டு வழக்கம் என்பதால், அதில் கண்டிப்பாக இருப்பவர்கள் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. பதிவு செய்யும்போதே "வெஜெதாரியன்" என்று சொல்லிவிடுங்கள். நீள மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் ரொட்டியும் கீரையும்தான் மிஞ்சும். பாரிஸ் வழியாகப் போகிறவர்கள் லா ஷப்பேல் தமிழ்க் கடைகளில் பருப்புப்பொடியோ ஊறுகாயோ ஒரு சின்னப் பொட்டலம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். கிராமத்துக் கடைகள் மதியம் மூடிவிடும், திங்கட்கிழமை பல இடங்களில் திறக்கவே திறக்காது. தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், பெரும்பாலும் குழாய் இருக்கும். "நோன் பொத்தாப்ள்" என்ற பலகை இருந்தால் மட்டும் குடிக்காதீர்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஒவ்வோர் இரவும் எங்கே தங்குகிறோம் என்று காட்ட வேண்டியிருப்பதால், நடந்துகொண்டே இடம் தேடும் சுதந்திரம் நமக்கு இல்லை. கோங்க் பாதையில் ஒவ்வொரு ஊரிலும் ஒன்றுக்கு மேற்பட்ட தங்குமிடம் இருப்பதால் ஆறு இரவையும் வரிசையாகப் பதிவு செய்வது எளிது. கதார் பாதையில் ஒரே ஓர் இடம் நிறைந்திருந்தாலும் முழுத் திட்டமும் ஆடிப்போகும்.

ஆக, பெற்றோரோடு போகிறவர் அல்சாஸ், குழந்தைகளோடு போகிறவர் தோர்தோனில் நான்கு நாள், ஏற்கெனவே நடந்து பழகியவர் கதார் பாதையின் கிழக்குப் பாதி. மற்ற எல்லோருக்கும் ஓமோன்-ஒப்ராக். செப்டம்பர் இரண்டாம் வாரம் கிளம்புங்கள், ஒப்ராக்கில் புல் பழுத்திருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். முதல் நாள் நஸ்பினால் வரை 26 கி.மீ., அதுதான் ஆறு நாளில் நீளமானது, இடையில் ஓர் ஊரில் தங்கி அதை இரண்டாக உடைத்தாலும் தவறில்லை. கோங்க்கில் ரயில் கிடையாது. அங்கிருந்து ரோதேஸுக்கு வண்டி பிடிக்க வேண்டும், அதையும் முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள்.